கல்லுக்கு அடியில் கரி

அண்ணன் சொன்ன பேச்சைக் கேட்கிற ரகம் இல்லை நான். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அவர் கிழக்கே போ என்றால் மேற்கே போவேன், அதுவும் ஓடிப் போவேன். "இவ வாய்க்கு ஒரு பூட்டு செஞ்சு தாங்க" என்று அம்மா போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பாள். யாரும் செய்து தரவில்லை. தந்திருந்தால் எங்கள் ஊர் இன்றைக்கு ஊராக இருந்திருக்கும்.

அண்ணனுக்கு ஊரில் 'டேப்பு' என்று பெயர். சர்வே ஆபீசில் நிலம் அளக்கிற சங்கிலி பிடிக்கிற வேலை. சர்வேயர் மர நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து நிலப் படத்தைப் பார்ப்பார். முள்ளிலும் சேற்றிலும் சங்கிலியை இழுத்துக்கொண்டு நடப்பது என் அண்ணன். முப்பத்தொரு வருஷம் நடந்தார். சுற்றுவட்டாரத்தில் நிற்கிற எல்லைக்கல்லில் பாதி அவர் நட்டது. நான் துணி தைக்கிறவள். என் கழுத்திலும் எந்நேரமும் ஒரு டேப்பு தொங்கும் என்பதால் நான் 'சின்ன டேப்பு'. ஆனால் இரண்டு டேப்புக்கும் ஆகவே ஆகாது.

"துணியில ஒரு விரல் தாராளமா விட்டு வெட்டுவ. நிலத்துல அந்த வேலையெல்லாம் நடக்காது" என்பார்.

"உன் நிலத்த யாரும் இடுப்புல கட்டிக்கிட்டுப் போகப் போறதில்ல, போண்ணே" என்பேன்.

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. கல் நடுகிற குழியில் முதலில் இரண்டு கை அடுப்புக்கரி போடுவார். அதன்மேல் உடைந்த ஓட்டுத்துண்டு ஒன்று. அதற்கப்புறம்தான் கல். கல்லை எவனாவது பிடுங்கிப் போகலாம், கரி மக்காது, போட்ட இடத்திலேயே கிடக்கும் என்பார். ஆபீசில் யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை, அவராகவே செய்தார். கரி எங்கள் வீட்டு அடுப்பிலிருந்துதான் போகும். அம்மா கத்துவாள். எங்கள் வீட்டுக்குள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது. ஊரில் ஒருத்தருக்கும் தெரியாது.

அவர் ஓய்வு பெற்ற மறுவருஷம் அறிவிப்பு வந்தது. மின் நிலையம் கட்டப்போகிறார்களாம், எங்கள் ஊர் மொத்தமும் வேண்டுமாம். என் கிணற்று வயலும் அதில் போகிறது. வீட்டுக்காரர் போன பிறகு என்னையும் என் மகளையும் நிமிர்ந்து நிற்க வைத்த வயல் அது. விடுவோமா? மனு கொடுத்தோம், ரோட்டில் உட்கார்ந்தோம், வேனில் ஏற்றிக்கொண்டு போய் மண்டபத்தில் அடைத்தார்கள், அங்கேயும் உட்கார்ந்தோம். இரண்டு வருஷம் இப்படியே போனது. கடைசியில் எங்கள் வழக்கைப் பார்த்த வக்கீலம்மாதான் வழியைக் கண்டுபிடித்தார்.

"முப்பதாம் தேதிக்குள்ள ஊரோட வெளி எல்லைய அளந்து கையெழுத்துப் போட்டாகணும். போடலன்னா இந்த அறிவிப்பு செத்துப்போச்சு. மறுபடி முதல்லேர்ந்து வரணும். அதுக்குள்ள நான் தடை வாங்கிடுவேன்" என்றார்.

மளிகைக் கடைக்காரருக்கு அப்போதுதான் மூளை வேலை செய்தது. "கல்லே இல்லன்னா எதுலேர்ந்து அளப்பான்?"

ஒரே நாளில், பட்டப்பகலில், ஊரே சேர்ந்து எல்லைக்கல் அத்தனையையும் பிடுங்கினோம். கல்யாண வீடு மாதிரி அப்படி ஒரு சந்தோஷம். அண்ணனும் வந்தார். அவர் நட்ட கல்லை அவரே பிடுங்குகிறார், முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். ஆனாலும் ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லவில்லை. "இழுக்காத, ஆட்டி ஆட்டி எடு" என்று ஆட்களுக்கு யோசனை சொன்னார். குழியை மூடி, மேலே புல்லைக் கொத்தி வைத்தது அவர்தான். கரியைப் பற்றி மூச்சு விடவில்லை. எல்லா வீட்டிலும் ஒரு கல் குடியேறியது. ஒன்று கோழிக்கூண்டின் மேல், ஒன்று குளிக்கிற இடத்தில், என் பங்குக்கு ஒன்று தையல் மெஷினுக்கு அடியில்.

சர்வே கூட்டம் போலீசோடு வந்து இறங்கியது. சர்வேயர் சின்ன வயசுக்காரர், முக்காலி மேல் நிற்கிற புது மெஷின் வைத்திருந்தார். ஒரே ஒரு கல் இருந்த இடம் உறுதியாகத் தெரிந்தால் போதும், அதிலிருந்து படத்தை வைத்து மற்றதையெல்லாம் பிடித்துவிடுவார். அந்த ஒன்றுதான் கிடைக்கவில்லை.

"பாட்டி, நீங்க துணி துவைக்கிற கல்லு எல்லைக்கல்லு மாதிரி இருக்கே?"

"எந்தக் கல்லு சார்? இது என் மாமியார் காலத்துலேர்ந்து இங்கதான் கெடக்கு" என்றாள் அந்தக் கிழவி. மாமியாரை அவள் பார்த்ததே கிடையாது.

பதினோரு நாள் அலைந்தார்கள். கடைசியில் பள்ளிக்கூடச் சுவரின் மூலையிலிருந்து அளந்து பார்த்தார்கள். அந்தச் சுவர் இடிந்து, தள்ளிக் கட்டியது எங்களுக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. எவ்வளவு அளந்தும் படத்தோடு ஒட்டவில்லை.

முப்பதாம் தேதி மத்தியானம் மூன்று மணி. வடமேற்கு மூலை வரப்பில் ஊரே நின்றுகொண்டிருந்தது. சர்வேயர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, மெஷினைக் கழற்றிப் பெட்டியில் வைக்கச் சொல்லிவிட்டார். ஆமாம், கழற்றச் சொல்லிவிட்டார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை, பார்த்தால் சிரித்துவிடுவோம். அப்போது அந்த ஆள், ஆற்றாமையில்தான், கூட வந்தவனிடம் சத்தமாகச் சொன்னார்.

"பழைய படமே தப்புய்யா. எவனோ நல்லா குடிச்சிட்டுச் சங்கிலி பிடிச்சிருக்கான்."

அண்ணன் என் பக்கத்தில் நின்றிருந்தார். வாழ்க்கையில் ஒரு சொட்டு தொட்டதில்லை. அவர் கழுத்து நரம்பு எழும்பியது தெரிந்தது. ஆனாலும் தரையைப் பார்த்தபடியே நின்றார். எனக்குத்தான் சுருக்கென்று ஏறியது. மெதுவாக அவர் காதருகில் சொன்னேன்.

"கேட்டியாண்ணே? சூடு சொரணை இருக்கா உனக்கு?"

"சும்மா இரு. பெட்டிய மூடிக்கிட்டு இருக்காங்க. இன்னும் பத்தே நிமிஷம்" என்றார், உதடு அசையாமல்.

சும்மா இருந்தேனா? இருந்திருக்கலாமே! பத்து நிமிஷம், ஒரு சட்டைக்குப் பித்தான் தைக்கிற நேரம். எனக்கு நாக்கு அரித்தது. "அப்ப குடிச்சிட்டுத்தான் அளந்தியா? அதான் வாயத் தொறக்க மாட்டேங்கறியா?" என்றேன்.

அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் விவரிக்கப் போவதில்லை. பிறகு நேராக சர்வேயரிடம் நடந்து போனார்.

"படம் தப்பில்ல சார். நீங்க நிக்கிற இடம்தான் தப்பு. அந்த ஒத்த வேப்ப மரத்துலேர்ந்து பதினாலு அடி தெற்க தோண்டிப் பாருங்க. கரி இருக்கும். ஓட்டுத்துண்டு இருக்கும். இல்லன்னா என்ன செருப்பால அடிங்க."

தோண்டினார்கள். முழங்கை ஆழத்தில் கரி, அதன்மேல் ஓட்டுத்துண்டு. நட்டபோது வைத்தது வைத்தபடி இருந்தது. சர்வேயர் வாயைப் பிளந்துவிட்டு, "பெரியவரே, நீங்கதான் சங்கிலி பிடிச்சதா? மன்னிச்சுக்கங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டார். அந்த நிமிஷம் எனக்கு எப்படி இருந்தது என்று உண்மையைச் சொல்கிறேன், காறித் துப்புகிறவர்கள் துப்பிக்கொள்ளுங்கள். பெருமையாக இருந்தது. என் அண்ணன் அளந்தால் அளந்ததுதான் என்று நெஞ்சை நிமிர்த்தினேன். என் கிணற்று வயல் போய்விட்டது என்பது அதற்கப்புறம்தான் உறைத்தது.

மெஷினை மறுபடி வெளியே எடுத்தார்கள். அந்தக் கரியிலிருந்து ஆரம்பித்து, பொழுது சாய்வதற்குள் ஊரைச் சுற்றிவந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள்.

மறுநாள் காலையில் பள்ளிக்கூட வாசலில் ஊர் கூடியது. கடைக்காரர் அழுதுகொண்டே கேட்டார். "ஏன்டா டேப்பு? எதுக்குடா? உனக்கும்தானேடா இங்க நிலம் இருக்கு? எவனாவது உன்னப் பேச வச்சானா?"

அண்ணன் கூட்டத்தைப் பார்த்தார். என் மேல் அவர் கண் நிற்கவே இல்லை, தாண்டிப் போய்விட்டது.

"யாரும் பேச வைக்கல. என் திமிருதான். என் வாய்தான்" என்றார்.

அப்போதாவது நான் எழுந்து சொல்லியிருக்க வேண்டும். எழுந்தேன். எழுந்து என்ன சொன்னேன் தெரியுமா? "இனிமே இவரு எனக்கு அண்ணனே இல்ல" என்றேன். நடுக்கத்தில் வந்ததுதான், ஆனால் வந்துவிட்டது. "கூடப்பிறந்தவன்னுகூடப் பாக்காம நியாயத்தச் சொன்னா பாரு" என்று ஊர் என்னை மெச்சியது. கடைக்காரர் மனைவி என் தோளைத் தடவிக்கொடுத்தாள். நான் அந்தத் தடவலையும் வாங்கிக்கொண்டேன்.

அதன்பின் எட்டு வருஷம். மின் நிலையம் வந்தது. எங்களுக்கு நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில் ஒரே மாதிரி சின்னச் சின்ன வீடுகள் வரிசையாகக் கட்டிக்கொடுத்தார்கள். என் கிணறு இருந்த இடத்தில் புகைபோக்கி நிற்கிறது. துணி காயப்போடும்போது பார்க்காமல் இருக்க முடியாது. அண்ணன் மூன்று தெரு தள்ளி இருந்தார். ஊர் அவர் பெயரை மாற்றிவிட்டது. 'டேப்பு' போய் 'கரி' ஆனார். கடையில் எல்லோருக்கும் கொடுத்த பிறகுதான் அவருக்குச் சாமான். சுவர் தகராறு வந்தால்கூட டவுனிலிருந்து ஆள் கூட்டி வந்து அளந்தார்களே தவிர அவரைக் கூப்பிடவில்லை. வரப்பில் ஓடியவர், எட்டடி அறையில் உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் தையல் கடை வழியாகத்தான் பஸ்ஸுக்குப் போவார். நடை தளர்ந்துகொண்டே வந்தது. சட்டை தோளில் தொங்கும், நாலு விரல் பிடித்துத் தைக்க வேண்டும், கண்ணாலேயே அளந்துவிடுவேன். கூப்பிட்டதில்லை. கடையில் ஆள் இருந்தால், "கரி போகுது பாரு" என்று நானே முதலில் சொல்வேன். மற்றவர்கள் சொல்வதற்கு முன்னால் நான் சொல்லிவிட வேண்டும், அவ்வளவு பயம் எனக்கு.

போன மாதம் அவர் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். ஊரிலிருந்து பதினோரு பேர் வந்தார்கள். எல்லாம் முடிந்து ஒரு வாரம் கழித்து அண்ணியைப் பார்க்கப் போனேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன், நான்தான் தூண்டிவிட்டேன், ஊரைக் கூட்டி இதைச் சொல்லப் போகிறேன் என்று. அண்ணி அவருடைய சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். எல்லாச் சட்டையும் தோள் பெரிதாகவே கிடந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள்.

"நீ என்ன சொல்ல வந்திருக்கன்னு எனக்குத் தெரியும். அன்னிக்கு வரப்புல நடந்தத அன்னிக்கே சொல்லிட்டாரு. ஆஸ்பத்திரில வச்சு, 'தங்கச்சி ஊர்ல சொல்றேன்னு வருவா, வேணாம்னு சொல்லிடு. அவளுக்குப் பொண்ணு இருக்கா. வீட்டுக்கு ஒருத்தர ஒதுக்கி வச்சது போதும்'னாரு."

சொல்லிவிட்டு அவள் மடிப்பதைத் தொடர்ந்தாள். உட்காரச் சொல்லவில்லை.

எனக்கு அழுகை வரவில்லை. முதலில் வந்தது என்ன தெரியுமா? அப்பாடா என்று ஒரு மூச்சு. அண்ணிக்குக் கேட்டிருக்கும். தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தேன். அன்று சாயங்காலம் கடையைத் திறந்தேன், நாலு பேர் வந்தார்கள், கரி செத்ததைப் பற்றிப் பேசினார்கள், நான் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன்.

அறுபது வருஷத்தில் அண்ணன் பேச்சைத் தட்டாமல் நான் கேட்டது அந்த ஒன்றைத்தான்.