சூடத்தில் கை வைக்காத நானா

ஜீவராணி படித்தது அஞ்சாம் வகுப்பு வரைக்கும்தான். அதோடு கேகாலையில் ஒரு சிங்கள டீச்சர் வீட்டுக்கு வேலைக்குப் போனாள். படித்த எழுத்து மறந்து போனது, சிங்களம் வாயோடு ஒட்டிக்கொண்டது. கல்யாணத்துக்காகத் தோட்டத்துக்குத் திரும்பி வந்தவள் ரப்பர் மரத்தில் பால் வெட்டி வெட்டியே தலை நரைத்தாள். அந்தச் சிங்களம் மட்டும் பழுதாகவில்லை. லயத்து வீடுகளில் யாருக்காவது ஆஸ்பத்திரி, அரசாங்கக் கச்சேரி என்றால் முதலில் அவள் காம்பரா வாசலில்தான் வந்து நிற்பார்கள்.

தோட்டம் அரநாயக்கைக்கு மேலே, மலையின் இடுப்பில் இருக்கிறது. புருஷன் போய்ச் சேர்ந்து வருசங்களாகிவிட்டன. மகள் கொழும்பில் வேலை. மாரியம்மன் கோயில் பூட்டின் திறப்பு ஜீவராணியிடம் இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் பால் எடுத்து முடிந்ததும் குளித்துவிட்டுப் போய், கோயிலைக் கூட்டி, பித்தளைத் தூக்கு விளக்கை இறக்கி, புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து மாட்டுவாள். அந்த விளக்கு மினுங்குவதைப் பார்த்தால்தான் அவளுக்கு அடுத்த கிழமை ஓடும்.

டவுன் பொலிஸ் சார்ஜன் ஒருநாள் வந்து, ஊர்ச் சண்டைகளை ஊரிலேயே தீர்க்க ஒரு பொலிஸ் கமிட்டி போடுகிறோம், சிங்களம் தெரிந்த ஆள் வேண்டும் என்றபோது எல்லோரும் அவளைத்தான் காட்டினார்கள். அவளும் தலையாட்டினாள். அதற்குக் காரணம் அவளுடைய அப்பா. நாட்டில் சண்டை நடந்த காலத்தில் அடையாள அட்டை இல்லையென்று அவரை டவுனில் வைத்து ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். குற்றம் ஒன்றும் இல்லையென்று விட்டும்விட்டார்கள். ஆனால் அதற்குப் பிறகு மனுசன் டவுனுக்கு இறங்கவேயில்லை. உப்பு வாங்கவும் ஆள்தான் அனுப்புவார். இனி நம்ம லயத்து ஆள் ஒருத்தரையும் சும்மா ஜீப்பில் ஏற்ற விடக்கூடாது என்று அம்மனிடம் சொல்லிவிட்டுத்தான் ஜீவராணி அந்தக் கமிட்டியில் சேர்ந்தாள். நம்ம லயத்து ஆள் என்றுதான் சொன்னாள். அந்தச் சொல் எவ்வளவு சின்னது என்று அப்போது அவளுக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமைகளில் ஸம்சுதீன் நானா வருவார். பஸாரில் பழைய இரும்பு, பித்தளை, போத்தல் வாங்கி விற்கிற மனுசர். ஆட்டோவை லயத்துக்கு முன்னால் நிறுத்திவிட்டு, கொஞ்சம் மூச்சு வாங்கி, ஜீவராணியின் வாசற்படியில் உட்காருவார். அவள் கித்துள் கருப்பட்டித் துண்டோடு சாயத் தேத்தண்ணி கொடுப்பாள். இந்தத் தேத்தண்ணிக்குத்தான் நான் மலை ஏறுற, இரும்பு சும்மா சாட்டு என்று ஒவ்வொரு முறையும் அதே பகிடியைச் சொல்வார். அவளும் புதிதாகக் கேட்பதுபோலச் சிரிப்பாள்.

திருவிழாவுக்குக் காப்புக் கட்ட நாள் குறித்திருந்த சமயம். ஒரு வெள்ளிக்கிழமை அவள் கோயிலைத் திறந்தபோது சங்கிலி மட்டும் தொங்கியது. விளக்கு இல்லை. பூட்டு உடையவும் இல்லை.

திறப்பு எங்கே இருந்தது என்று தோட்டத் தலைவர் வேலுசாமி கேட்டார். வழக்கம்போல என் காம்பரா வாசலுக்கு உள்பக்கத்து ஆணியில்தான் என்றாள். அந்த ஆணிக்குக் கீழேதானே அந்த இரும்பு நானா கிழமைக்குக் கிழமை உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்கிறார் என்று யாரோ கூட்டத்தில் சொன்னார்கள். பித்தளை வேறு. அதற்குமேல் யாருக்கும் யோசிக்க வேலை இருக்கவில்லை.

சார்ஜன் மாத்தயா வந்தார். முதலில் லயத்து வாலிபர்களைத்தான் விசாரிக்க வேண்டும், நாலைந்து பேரை ஏற்றிக்கொண்டு போகிறேன் என்றார். பெண்கள் அழத் தொடங்கினார்கள். ஜீவராணிக்கு அப்பா ஜீப்பின் பின்பக்கத்தில் குந்தியிருந்தது கண்ணில் வந்தது. அப்போதுதான் அவள் அந்த யோசனையைச் சொன்னாள். எங்கள் ஆட்கள் அம்மனுக்கு முன்னால் எரிகிற சூடத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்தால் பொய் சொல்ல மாட்டார்கள், பொய் சொன்ன கை வெந்துபோகும், அப்படிக் கேட்டுப் பார்ப்போம், ஆளை ஏற்ற வேண்டாம் என்றாள். சார்ஜனுக்கு அது பிடித்துப் போனது. அடியும் இல்லை, கேஸும் இல்லை. இதைத்தானே கமிட்டி என்கிறோம் என்று அவளைப் பாராட்டினார்.

நானாவையும் கூப்பிட வேண்டும் என்று தலைவர் பிடிவாதமாக நின்றார். அவருக்குப் போன் எடுத்தது ஜீவராணிதான். ஒன்றுமில்லை, எல்லோரும் வைக்கிறார்கள், நீங்களும் சும்மா வந்து ஒரு கை வைத்துவிட்டுப் போங்கள் என்றாள். என்ன கை, எதில் வைக்கிற கை என்று அவரும் கேட்கவில்லை, அவளும் விளக்கிச் சொல்லவில்லை. அவர் வந்தார். அன்றைக்கு ஆட்டோவில் ஹோர்ன்கூட அடிக்காமல் வந்தார்.

கோயில் வாசலில் தட்டில் சூடம் எரிந்தது. ஒவ்வொருவராக வந்து உள்ளங்கையால் அணைத்தார்கள். ஜீவராணியின் தம்பி கிருஷ்ணகுமாரும் வந்தான். அம்மா போன பிறகு அவள் இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை. மற்றவர்களைப்போல அவன் தயங்கவில்லை. பட்டென்று கையை வைத்து, அணைத்து, நெற்றியிலும் தொட்டுக்கொண்டான். அதைப் பார்க்க அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

கடைசியில் நானா. அவர் தட்டைப் பார்த்தார், அம்மன் சிலையைப் பார்த்தார், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"எனக்கு இது ஏலாது. அல்லாஹ்ட மேல சத்தியம் பண்ணச் சொல்லுங்க, இப்பவே பண்ணுறன். இதுல கை வைக்க எங்கட மார்க்கத்துல எடமில்ல."

"கை சுட்டுடும்னு பயமா இருக்கு போல" என்று ஒரு குரல் வந்தது. சிலர் சிரித்தார்கள். நம்ம சாமிகிட்ட பொய் சொன்னா நடக்கிறது அவருக்கும் தெரியும் போல என்று இன்னொருத்தி சொன்னாள். நானா ஜீவராணியைத்தான் பார்த்தார். அவள் பேசுவாள் என்று நினைத்திருப்பார்.

சார்ஜன் அவள் பக்கம் திரும்பி, களவெடுக்காத ஒருவன் இதற்குப் பயப்படுவானா என்று சிங்களத்தில் கேட்டார்.

மாட்டான் என்றாள் ஜீவராணி.

கேட்டதற்குச் சொன்ன பதில், ஒரே சொல். அவள் மனதார நம்பியதும் அதைத்தான். நானாவுக்குச் சிங்களம் அவளைவிட நன்றாகத் தெரியும். அவர் தானாகவே போய் ஜீப்பில் ஏறினார். ஏறும்போது செருப்பு ஒன்று கழன்று விழுந்தது. அதை யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. அவளும் எடுத்துக் கொடுக்கவில்லை.

மறுநாள் மத்தியானம் அவரை விட்டார்கள். ஆட்டோவையும் வீட்டையும் பஸார்ச் சனம் பார்த்துக்கொண்டிருக்கவே கொட்டிக் கிளறியும் ஒன்றும் கிடைக்கவில்லை. அந்தச் சனிக்கிழமை அவர் வரவில்லை. அடுத்த சனிக்கிழமையும் வரவில்லை.

திருவிழா நெருங்கிய ஒரு நாள், கிருஷ்ணகுமாரின் பெஞ்சாதி தர்மிளா ஒரு உர பேக்கை அணைத்துத் தூக்கிக்கொண்டு ஜீவராணியின் காம்பராவுக்குள் வந்து கதவைச் சாத்தினாள். பேக்கை அவிழ்த்தாள். உள்ளே விளக்கு. அவர்கள் காம்பராவில், உறைந்த ஒட்டுப்பால் மூட்டைகளுக்கு அடியில் கிடந்ததாம். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் அதைச் செத்த வீட்டில் பிணத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

தம்பியைக் கூப்பிட்டு விட்டாள். அவன் மறுக்கவில்லை. குடிக்கக் காசுக்குத்தான் எடுத்தேன், பொலிஸ் வந்த பிறகு எங்கே கொண்டுபோய் விற்பது என்று தெரியவில்லை என்றான். பிறகு உள்ளங்கையை விரித்து அவளிடம் காட்டினான்.

"அந்தச் சூடம் சுடவே இல்லக்கா. எனக்கே புதினமாத்தான் இருந்திச்சி."

ஜீவராணிக்கு அவனை அடிக்கக் கை எழவில்லை. அன்றைக்குச் சாமி விளக்கு ஏற்றப் போனவள், நெருப்புக்குச்சியைக் கிழித்துவிட்டு, அது விரல்வரை எரிந்து வருவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். சுட்டதும் போட்டுவிட்டாள். என்னை மட்டும் சுடுகிறாயே என்று அம்மனைக் கேட்கவும் வெட்கமாக இருந்தது. அம்மன் என்ன செய்வாள்? ஆணியில் திறப்பை மாட்டியவள் ஜீவராணி. அந்தக் காம்பராவுக்குள் கேட்காமல் வந்து போகிற ஒரே ஆள் தம்பி என்று தெரிந்தவளும் அவள். பூட்டு உடையாததைப் பார்த்த அன்றே தெரிந்திருக்க வேண்டும். சாமி பயம் உள்ளவன் கையை வைப்பான் என்று நினைத்தாள். சாமி பயம் இருந்தபடியால்தான் ஒரு மனுசன் கையை வைக்கவில்லை என்பது அவள் புத்திக்கு எட்டவேயில்லை.

தலைவரிடம் சொன்னாள். அவர் சார்ஜனிடம் சொன்னார். இரண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். விளக்கு ஓடைக்கரையில் கிடந்தது, அம்மனே திருப்பித் தந்துவிட்டாள் என்று சொல்வோம். உங்கள் குடும்ப மானமும் தப்பும், தோட்டத்திலும் சண்டை வராது, நானாவைத்தான் விட்டாச்சே. சார்ஜன் நல்ல மனதோடுதான் சொன்னார். வருகிற கூட்டத்துக்குக் கேகாலையிலிருந்து ஆட்கள் வருகிறார்கள், ஊரும் பொலிஸும் ஒற்றுமையாக இருந்த அனுபவங்களைக் கேட்டுப் பதிவு செய்வார்கள், நீங்கள்தான் இந்தக் கதையைச் சொல்ல வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார்.

அவள் அதற்கு முன்னால் பஸாருக்கு இறங்கினாள். நானாவின் வீட்டுக்குப் போனது அதுதான் முதல் தடவை. இத்தனை வருசம் தேத்தண்ணி குடித்த மனுசரின் வீடு எது என்று தெருவில் விசாரித்துத்தான் போக வேண்டியிருந்தது. அவருடைய மனைவி பளீலா ராத்தா உள்ளே கூப்பிட்டு, கதிரை போட்டு, முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு பேசினார்.

"ஈஸ்டர்ல குண்டு வெடிச்ச வருசமும் வீட்டக் கொட்டிப் பாத்தாங்க. அப்ப எங்கட ஆக்கள் எல்லாரு வீட்டயும் பாத்தாங்க, வெக்கம் தெரியல்ல. இந்த முற எங்கள மட்டும். மகள்ட மாமியார் போன் எடுத்து, என்ன களவுன்னு கேக்கிறா."

ஜீவராணி நடந்ததைச் சொன்னாள். தம்பியின் பெயரையும் சொன்னாள். காலில் விழக் குனிந்தாள். நானா பதறிப்போய்ப் பின்னால் நகர்ந்து, அதுவும் எங்களுக்கு ஆகாது என்றார். ஒன்றுமே தெரியாமல் இத்தனை வருசம் இவரோடு சிரித்துப் பேசியிருக்கிறோம் என்று அவள் இன்னும் குன்றிப்போனாள்.

"நான் மன்னிச்சிட்டன் தங்கச்சி" என்றார் நானா. "அது எனக்கும் உங்களுக்கும் நடுவுல. ஆனா ஜீப்புல நான் ஏறுனது ஊருக்கு முன்னுக்கு."

அவர் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதுதான் அவளைத் துரத்திக்கொண்டே மலை ஏறி வந்தது.

கூட்டம் கீழே சிங்கள ஊரின் பௌத்தப் பன்சலை மண்டபத்தில் நடந்தது. பிக்கு ஹாமுதுரு வந்திருந்தார், பள்ளிவாசல் ஆட்கள் வந்திருந்தார்கள், தோட்டத்திலிருந்து ஒரு லொறி நிறையச் சனம். நானா கடைசி வரிசையில், கதவுப் பக்கம். ஜீவராணியின் பெயரைக் கூப்பிட்டபோது கிருஷ்ணகுமார் தரையைப் பார்த்தபடி இருந்தான். அவனிடம் காலையிலேயே சொல்லிவிட்டாள். நீயே எழும்பிச் சொல்லு, இல்லாவிட்டால் நான் சொல்லுவேன் என்று. அவன் எழும்பவில்லை.

அவள் முதலில் சிங்களத்தில் சொன்னாள். பிறகு, நம்ம ஆட்களுக்கும் விளங்க வேண்டும் என்று, தமிழிலும் சொன்னாள்.

"வெளக்க எடுத்தது என் தம்பி. சூடத்துல கை வச்சி பொய்ச் சத்தியம் செஞ்சதும் அவன்தான். நானா கடவுளுக்குப் பயந்து கை வைக்கல. களவெடுக்காதவன் பயப்பட மாட்டான்னு சார்ஜன் மாத்தயாகிட்ட சொன்னது நான். நான் சொன்ன சொல்லுலதான் அவர ஏத்துனாங்க. எங்க அப்பாவுக்குச் செஞ்சத நான் அவருக்குச் செஞ்சிட்டேன்."

கைதட்டல் இல்லை. பதிவு செய்ய வந்த பிள்ளை, இதை வைத்துக்கொள்வதா அழிப்பதா என்று தெரியாமல் சார்ஜனைப் பார்த்தது. சார்ஜன் தொப்பியைத் துடைத்துக்கொண்டிருந்தார். யாரோ சமயம் பார்த்து பணிஸும் தேத்தண்ணியும் கொண்டுவரச் சொன்னார்கள். சனம் அதை வாங்குகிற சாக்கில் அவளைப் பார்க்காமல் தப்பித்தது.

சார்ஜன் அதற்குப் பிறகு கிருஷ்ணகுமாரை அழைத்துப் போகத்தான் வேண்டியிருந்தது. கோர்ட்டில் பிணை கிடைத்தது, வழக்கு நடக்கிறது. கமிட்டியில் ஜீவராணியின் இடத்துக்கு வேறு ஆள் போட்டார்கள். கோயில் திறப்பைத் தலைவர் வாங்கிக்கொண்டார். சொந்தத் தம்பியையே காட்டிக் கொடுத்தவள் என்று லயத்தில் ஒரு பேச்சு. தர்மிளா மட்டும் ஒருநாள் பீலியடியில் தண்ணீர் பிடிக்கும்போது சொன்னாள்: "நீங்க சொல்லிடுவீங்கன்னு தெரிஞ்சிதான் உங்ககிட்ட கொண்டாந்தேன். ஆனா இப்ப உங்க மொகத்தப் பாக்க முடியலக்கா."

அவள் சொன்னது நியாயம் என்றுதான் ஜீவராணிக்குப் பட்டது. வெள்ளிக்கிழமைகளில் இப்போது அவள் கோயிலுக்கு வெளியே நின்றே கும்பிடுகிறாள். விளக்கை வேறொருத்தி தேய்க்கிறாள். சில நாள் மினுங்குகிறது, சில நாள் இல்லை.

திருவிழா முடிந்து ஒரு சனிக்கிழமை, கீழே வளைவில் ஹோர்ன் சத்தம் கேட்டது. ஸம்சுதீன் நானா. ஆனால் ஆட்டோ மேலே வரவில்லை. வளைவிலேயே நின்றது. பழைய இரும்பு வைத்திருந்தவர்கள் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனார்கள். முன்பு சிரித்தவர்களும் போனார்கள். அவர் எல்லோருக்கும் தராசைச் சரியாகப் பிடித்து, எல்லோரோடும் மரியாதையாகப் பேசினார்.

ஜீவராணி அவசர அவசரமாகத் தண்ணீர் கொதிக்க வைத்து, சாயம் ஊற்றி, கருப்பட்டித் துண்டை ஒரு தாளில் மடித்துக்கொண்டு, கோப்பையைச் சிந்தாமல் பிடித்தபடி இறக்கத்தில் நடந்து போனாள். நானா அவளைக் கண்டதும் எழும்பி நின்றார். சுகம் விசாரித்தார். கோப்பையைப் பார்த்தார்.

"இண்டைக்கு நோன்பு தங்கச்சி" என்றார்.

ரமழான் மாதம் இல்லை. மற்ற நாட்களிலும் அவர்கள் நோன்பு பிடிப்பதுண்டு என்று அவள் கேள்விப்பட்டிருக்கிறாள். உண்மையா என்று கேட்கிற உரிமை அவளுக்கு இல்லை. ஒருமுறை ஒரு மனுசரின் சொல்லை நம்பாமல் விட்டவள், இந்தச் சொல்லையாவது நம்ப வேண்டும். சரி நானா என்று சொல்லிவிட்டு, ஆறிப்போன தேத்தண்ணியோடு திரும்பி ஏறினாள்.

அடுத்த சனிக்கிழமையும் அவள் தண்ணீர் வைத்தாள்.