கிட்டாரில் அமர்ந்த கிளி

சிப்பித் துண்டை நாக்கில் ஒற்றி ஈரமாக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்க்கிறார் மஹ்ரூப் நானா. காய்ந்த சிப்பி பொய் சொல்லும், நனைந்த சிப்பிதான் தன் நிறத்தைக் காட்டும் என்பது அவர் கட்சி. மன்னாரிலிருந்து சாக்கில் வரும் சிப்பியெல்லாம் அவர் நாக்கில் பட்ட பிறகுதான் கண்டிப் பெண்களின் நகைப்பெட்டிகளில் பூவாகவும் பிறையாகவும் பதிகிறது. கல்யாண வீடுகளில் இதை யாரும் சொல்லிக்கொள்வதில்லை.

சந்தைக்குப் பின்னால் இருக்கிறது அவருடைய ஒடுக்கமான கடை. வேலை சூடுபிடித்தால் தலையிலுள்ள தொப்பி மெல்ல நகர்ந்து ஒரு காதில் தொற்றிக்கொள்ளும். மனைவி ஹபீலா உள்ளேயிருந்து தேத்தண்ணி அனுப்பினால் அது ஆறி ஆடை கட்டிய பிறகுதான் கண்ணில் படும். குடித்துவிட்டு, சூடு காணாது என்று குறையும் சொல்வார்.

பெட்டி செய்யச் சொல்லி வருகிறவரைக் கதிரையில் உட்காரவைத்து, மடியில் ஒரு பழைய பெட்டியைக் கொடுத்துத் திறக்கச் சொல்வது அவர் வழக்கம். பின்னால் நின்று, தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, பூ எங்கே வரவேண்டும், எந்தப் பக்கம் பார்த்து வரவேண்டும் என்று முடிவு கட்டுவார். எதிரே நிற்பவனுக்கு அதில் என்ன வேலை என்பார். "வச்சிக்கிறவங்கட கண்ணுக்குத்தான் பூ. பாக்க வாரவங்க இன்டைக்கி வருவாங்க, நாளைக்கிப் போவாங்க."

இப்படிப்பட்டவரிடம் போன மாதம் ஒரு கிட்டார் வந்து சேர்ந்தது. கொண்டுவந்தவர் மஹய்யாவையைச் சேர்ந்த செல்லச்சாமி. பகலில் முனிசிபல் வேலை. மாலையானால் அந்தப் பக்கத்து நாடக சபையின் பாட்டுக்காரர். சீமைக்குத் திரும்பிய ஒரு தோட்டத்துத் துரை ஏலத்தில் விட்டுப்போன வாத்தியம் அது. டாக்கி என்கிற பேசும் படம் வந்ததிலிருந்து நாடகத்துக்குக் கூட்டம் இல்லை. இந்த முறையும் கொட்டகை காலியாகக் கிடந்தால் சபையைக் கலைத்துவிடுவது என்று பேச்சு. வாத்தியத்தில் ஒரு கிளி மினுங்கினால் அதைப் பார்க்கவாவது சனம் வரும் என்று நம்பினார் செல்லச்சாமி.

கிட்டாரைத் தொட்டது நானாவுக்கு அதுதான் முதல் தடவை. முகர்ந்து பார்த்தார், தட்டிப் பார்த்தார், துளையில் காதை வைத்துக் கேட்டார். பலகையா இது, அப்பளமா என்று வாய்விட்டு வியந்தார். உளி கொஞ்சம் அதிகமாக இறங்கினால் மறுபக்கம் வந்துவிடும். அந்தப் பயமே அவருக்குக் கொண்டாட்டமாக இருந்தது. செல்லச்சாமியைக் கதிரையில் இருத்தி வாசிக்கச் சொன்னார். பின்னால் நின்று எட்டிப் பார்த்தார். அன்றைக்கே பெட்டி வேலைகளையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு ரம்பத்தை எடுத்துவிட்டார்.

சிறகு வேறு சிப்பி, கழுத்து வேறு சிப்பி, அலகுக்குச் சிவப்பேறிய ஒரு துணுக்கு. வச்சிரப் பசையில் கருங்காலித் தூளைக் குழைத்து இடைவெளிகளை அடைத்து, சுறாத்தோலால் தேய்த்தெடுத்தபோது கிளி உயிரோடு வந்து உட்கார்ந்திருந்தது. நானாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஹபீலாவைக் கூப்பிட்டுக் காட்டினார். பக்கத்துக் கடை அரிசி வியாபாரியையும் இழுத்துவந்து காட்டினார்.

நாடகத்துக்கு முந்தின நாள் செல்லச்சாமி வந்தார். கிட்டாரை மூடியிருந்த பச்சைத் துணியை விலக்கிப் பார்த்தார். ஆசையோடு எடுத்து மார்பில் அணைத்து, எதிர்ச் சுவரில் இருந்த கண்ணாடியைப் பார்த்தார். பார்த்ததும் முகம் செத்துவிட்டது. கண்ணாடியில் கிளி தலைகீழாக விழுந்துகொண்டிருந்தது. வாசிப்பவர் குனிந்து பார்த்தால் அது நேராக நிற்கும். முன்னால் இருக்கிற அத்தனை சனத்துக்கும் கவிழ்ந்துதான் தெரியும்.

"என்னங்க நானா இப்படிப் பண்ணிப்புட்டீங்க? சனம் சிரிக்கப்போவுதுங்களே," என்றார்.

பெயர்த்தெடுக்க வழியில்லை. சிப்பியோடு பலகையும் வந்துவிடும். இத்தனை வருஷம் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தவர், ஒரு தடவையாவது முன்னால் வந்து நின்று பார்த்திருக்கக்கூடாதா? தன்மேலேயே நானாவுக்கு ஆத்திரம் வந்தது. கிட்டாரை வாங்கி, கிளி தலைகீழாகத் தெரியும்படி மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லக் கேட்டார்.

"தம்பி, ஒங்கட வூட்டுக்கிட்ட கொய்யா மரம் ஈக்கிதா?"

"இருக்குங்க. அதுக்கு என்ன இப்ப?"

"கிளி எப்புடித் திங்கும்?"

"கொப்பைப் புடிச்சிக்கிட்டுத் தலைகீழா..." செல்லச்சாமி சட்டென்று நிறுத்தி நானாவின் முகத்தைப் பார்த்தார்.

நானாவின் தொப்பி அதற்குள் காதுக்குப் போய்விட்டது. ஆமையோட்டில் ஒரு கொப்பு நறுக்கிக் கிளியின் காலடியில் பதித்தார். சிவந்த சிப்பியைத் தேடி நாக்கில் ஒற்றிப் பார்த்து, அலகுக்கு எட்டுகிற தூரத்தில் ஒரு கொய்யாப்பழமும் வைத்தார். வாசிக்கிறவருக்குக் கிளி கொப்பில் நின்று பழத்துக்கு எக்கும். முன்னால் இருப்பவருக்குக் கொப்பிலே தொங்கிக்கொண்டு பழத்துக்கு ஆசைப்படும். செல்லச்சாமி வேலைக்கும் போகாமல் கூடவே இருந்து விசிறி வச்சிரத்தைக் காய வைத்தார்.

மறுநாள் மாலை கொட்டகை பாதிக்கு மேல் நிறைந்திருந்தது. நானா முன்வரிசையில் இருந்தார். முதல் பாட்டுக்கு விளக்கு வெளிச்சம் கிட்டாரில் விழுந்ததும் பின்னால் ஒரு பெண் குரல், "அந்தாப் பாரு, கிளி தொங்கிக்கிட்டு பழம் திங்குது," என்றது. அந்தப் பேச்சு வரிசை வரிசையாகப் பின்னால் போனது; கைதட்டல் எழுந்தது. நானா திரும்பிப் பார்க்கவில்லை. அவர் கண் செல்லச்சாமியின் முகத்தை விட்டு நகரவே இல்லை.

பாட்டின் நடுவே, விரல்கள் தந்தியில் ஓடிக்கொண்டிருக்கும்போதே, செல்லச்சாமி குனிந்து தன் கிளியைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. மஹ்ரூப் நானா, பக்கத்தில் இருந்தவர் யார் எவர் என்றும் பாராமல், அவருடைய கையை எட்டி இறுகப் பிடித்துக்கொண்டார்.