ஹீட்டர் போட்டு மலையேறிய வண்டி

சனிக்கிழமை காலை 6.10. ஈரோட்டில் எங்கள் அடுக்ககத்தின் நிலத்தடி நிறுத்தத்திலிருந்து புறப்பட்டோம். மீட்டரில் 1,41,306 கிலோமீட்டர். ஒன்பது வயதான, ஏழு பேர் உட்காரும் பெரிய டீசல் வண்டி. டிக்கிக் கதவை உள்ளிருந்து திறக்க முடியாது. முன் இடப்பக்க ஜன்னல் கண்ணாடி இறக்கும்போது பாதியில் நின்றுவிடும். மற்றபடி வெள்ளை வெளேரென்று இருந்தது.

ஓட்டியவள் என் மனைவி கமலா. வண்டியும் அவளுடையதுதான். ஐந்து வருடம் கட்டிய ஏலச்சீட்டை எடுத்து, சேலத்து வியாபாரி ஒருவரிடம் 4,35,000 ரூபாய்க்கு வாங்கினாள். எனக்குச் சின்ன கார் போதும். ஒரு வாரத்துக்குள் திருப்பித் தந்தால் பதினைந்தாயிரம் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவதாக வியாபாரி சொல்லியிருந்தார். அந்த வாரம் திங்களோடு முடிகிறது. எனவே எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. ஏற்காடு மலையை ஏறிவிட்டால் வண்டி வீட்டுக்கு. ஏறாவிட்டால் திங்களன்று வியாபாரிக்கு.

8.05க்குச் சேலத்தில் இட்லி, காபி, இருவருக்கும் 110 ரூபாய். அடிவாரத்தில் கண்ணாடிகளை ஏற்றிக் குளிர்சாதனம் போட்டுக்கொண்டோம். மூங்கில் புதர்களும் குரங்குக் கூட்டங்களும் பின்னால் போயின. ஒவ்வொரு வளைவிலும் சேலம் சிறிதாகிக்கொண்டே வந்தது. கமலா பாடிக்கொண்டே ஓட்டினாள். ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் பாட்டு நின்றது. வெப்பமானியின் முள் சிவப்பைத் தொட்டிருந்தது. முன்மூடியின் இடுக்கில் ஆவி வந்தது.

என் முகத்தில் சிரிப்பு தெரிந்திருக்க வேண்டும். “சிரிக்காதீங்க” என்றாள்.

கால் மணி நேரத்தில் ஒரு ஜீப் நின்றது. ஓட்டிவந்தவர் பெரியசாமி, மலைமேல் மஞ்சக்குட்டைப் பக்கம் ஷேர் ஜீப் ஓட்டுகிறவர், சேலத்தில் சாமான் வாங்கிக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தார். ரேடியேட்டர் மூடியில் கை வைக்கப் போன என்னைத் தடுத்து, இன்ஜின் ஆறட்டும் என்று எங்களை உட்காரவைத்தார். முக்கால் மணி நேரம் உட்கார்ந்தோம். ஒரு குரங்கு எங்கள் வண்டியின் கூரையில் ஏறி எங்களைவிட வசதியாக அமர்ந்துகொண்டது. ஆறியபின் பார்த்தால், ரேடியேட்டரின் மேல் குழாய் முனையில் விரிசல். விரிசல் விட்ட இரண்டு அங்குலத்தைக் கத்தியால் அறுத்து எறிந்துவிட்டு, மீதிக் குழாயை இழுத்து மாட்டி இறுக்கி, தன் ஜீப்பிலிருந்த கேன் தண்ணீரை ஊற்றினார். காசு வாங்கவில்லை. “எத்தனைக்கு வாங்குனீங்க?” என்று மட்டும் கேட்டார். சொன்னதும் வண்டியை ஒருமுறை சுற்றிவந்து, “பெரிய வண்டிதானுங்க” என்றார். அதைப் பாராட்டு என்று கமலா எடுத்துக்கொண்டாள்.

11.40க்கு ஏற்காடு. ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி தட்டு 40 ரூபாய். அங்கிருந்த ஒரு பட்டறைக்காரர் இரண்டு லிட்டர் குளிர்விப்பான் திரவம் ஊற்றினார், 540 ரூபாய். சோதனைக்கு 300. குழாய் சின்ன விஷயம் என்றும், ரேடியேட்டர் விசிறியைச் சுழற்றும் இணைப்பு தேய்ந்துவிட்டது, ஏற்றத்தில் மெதுவாகப் போகும்போது காற்றே இழுக்காது என்றும் சொன்னார். அந்தச் சாமான் சேலத்தில்தான் கிடைக்கும்.

இப்படிப்பட்ட வண்டியில் இன்னும் என்னென்ன வரும் என்று கேட்டேன். விரல் மடக்கினார்: கிளட்ச் முழுசாக மாற்றினால் கூலியோடு 18,000, நான்கு இன்ஜெக்டரும் சரிபார்க்க 24,000, முன்சக்கர ரப்பர் புஷ்கள் 5,500, டர்போ குழாய் 3,000. பழைய பெரிய வண்டி வாங்க நினைக்கும் வாசகர்கள் விலையோடு இவற்றையும் கூட்டிக்கொள்வது நல்லது.

“விசிறிச் சாமான் மாத்தற வரைக்கும் ஏத்தத்துல ஏசி வேண்டாமுங்க. ஹீட்டரை முழுசா வைங்க. இன்ஜின் சூட்டை உள்ள இழுத்துக்கும். உங்களுக்கு வேர்க்கும், அதுக்கு வேர்க்காது” என்றார்.

மாலை விடுதியில் எங்கள் வழக்கு நடந்தது. வழியில் நின்றுவிட்டதால் தோல்வி என்றேன் நான்.

“மூச்சு வாங்க நின்னா தோத்ததா ஆயிருமாங்க? நீங்க மூணாவது மாடிக்கு எத்தன தடவ நிக்கிறீங்க?”

சரி, அதை விட்டுவிடுகிறேன், ஆனால் ஏழு பேர் வண்டியில் இரண்டு பேர் ஏறியது சோதனையே அல்ல, ஆள் நிறைந்து ஏறட்டும் என்றேன். மலையில் எங்களுக்குத் தெரிந்தவர்கள் யாருமில்லை. வழக்கு முடிந்தது என்று நினைத்து நன்றாகத் தூங்கினேன்.

ஞாயிறு காலை 9.20. சேர்வராயன் கோயில். மேலே மைதானம் போல் விரிந்த புல்வெளி, காற்று, மேகம். குகைக்குள் குனிந்து போய்த்தான் சாமியைக் கும்பிட வேண்டும். கால் வைத்த இடமெல்லாம் ஈரம். அர்ச்சனைத் தட்டு 60 ரூபாய். வெளியே வந்தால் பெரியசாமி தன் ஜீப்பின் அடியிலிருந்து வெளியே வருகிறார். கிளட்ச் போய்விட்டது. பொங்கல் வைத்து முடித்து, கழுவிய பாத்திரங்களோடு அவருடைய பயணிகள் ஏழு பேர் நின்றார்கள். மஞ்சக்குட்டைக்கு மேலே ஒரு காபி எஸ்டேட் குடியிருப்பில் இருப்பவர்கள்.

கமலா என்னைப் பார்த்தாள். நான் மேகத்தைப் பார்த்தேன்.

பெரியசாமி ஜீப்போடு தங்கிவிட்டார். ஏழு பேருக்கான வண்டியில் நாங்கள் ஒன்பது பேர் ஏறினோம். இது சரியல்ல என்று தெரிந்தே எழுதுகிறேன். முன்னால் கமலாவும் நானும். எனக்குப் பின்னால் அவர்களில் ஒருவரான செல்லம்மாள், மடியில் மிச்சப் பொங்கலோடு பித்தளைப் பானை. பெண் ஓட்டுவதைப் பார்த்துப் பின்வரிசையில் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டதாகவும், பிறகு திறந்ததாகவும் அவர்களே சொல்லிச் சிரித்தார்கள்.

தார்ச்சாலை முடிந்து மண்பாதை தொடங்கியது. இருபுறமும் காபிச் செடி, மேலே சில்வர் ஓக். ஓரிடத்தில் பாதை சட்டென்று நிமிர்ந்து இடப்பக்கம் திரும்பியது. அங்கே யாரும் சொல்லாமலே பின்னால் சலசலப்பு, கதவு திறந்தது. ஜீப்பில் வரும்போது இந்த இடத்தில் எல்லோரும் இறங்கி, செடிகளுக்கு நடுவே குறுக்குவழியில் ஏறிப் போய் மேலே காத்திருப்பார்களாம். காலி ஜீப் சுற்றிக்கொண்டு பின்னால் வருமாம்.

“நாங்க எறங்கிக்கறமுங்க. ஆளோட ஏறாதுங்க” என்றார் செல்லம்மாள்.

“உக்காருங்கக்கா. கதவைச் சாத்துங்க.” கமலா ஹீட்டரை முழுதாகத் திருப்பிவிட்டாள்.

முதல் கியரில் வண்டி உறுமியது. உள்ளே அடுப்படிச் சூடு. கண்ணாடிகளைத் திறந்தோம், இடப்பக்கத்துக் கண்ணாடி வழக்கம்போல் பாதியில் நின்றது. எல்லோருக்கும் வேர்த்துக் கொட்டியது. “ஏனுங்க, பொங்கல் இன்னொருக்கா வெந்துருமுங்க” என்றது பின்னால் ஒரு குரல். முள் பாதியைத் தாண்டி, முக்காலைத் தாண்டியது. ஒரு சக்கரம் சறுக்கிப் பிடித்தது. முள் நிற்க வேண்டும் என்று நான் விரும்புவதை அப்போதுதான் உணர்ந்தேன். டேஷ்போர்டை இரு கையாலும் பிடித்து முன்னால் தள்ளிக்கொண்டிருந்தேன். அதனால் வண்டிக்கு என்ன பயன் என்று தெரியவில்லை.

சிவப்புக்கு ஒரு விரற்கடை முன்னால் முள் நின்றது. பாதை சமமானது.

மேலே செல்லம்மாளின் கணவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். வண்டியைப் பார்த்தார், ஒதுங்கி வழிவிட்டார், மறுபடி குறுக்குவழிப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார். மனைவி அங்கிருந்துதானே வரவேண்டும்? செல்லம்மாள் கண்ணாடி வழியாகக் கை நீட்டி அவர் முதுகில் தட்டினார்.

“எங்க பாக்கறீங்க? நான் உக்காந்தே வந்துட்டேன்.”

அவர் திரும்பி முழித்த முழியைப் பார்த்து வண்டி மொத்தமும் சிரித்தது. நானும்தான். பானையில் மிச்சமிருந்த பொங்கலும் சர்க்கரை போடாத கறுப்புக் காபியும் கொடுத்தார்கள். புறப்படும்போது ஒரு பை நிறைய ஆரஞ்சு. இறக்கத்தில் இரண்டாம் கியரை விட்டு மாறவேண்டாம் என்று செல்லம்மாளின் கணவர் மூன்று முறை சொன்னார். மாறவில்லை. ஆனாலும் அடிவாரம் வரும்போது பிரேக் கருகும் வாசனை வந்தது.

இரவு சேலத்தில் தங்கி, திங்கள் காலை வியாபாரியின் கடையைத் தாண்டித்தான் பட்டறைக்குப் போனோம். கமலா வேகத்தைக் குறைத்து என்னைப் பார்த்தாள். “பட்டறை ஒன்பதரைக்குத்தான் திறக்கும், மெதுவாகவே போ” என்றேன். விசிறி இணைப்பு 6,200, குழாய் 750, முன் பிரேக் கட்டைகள் 2,400, கூலி 1,200. ஏற்காட்டுச் செலவையும் சேர்த்து 11,390 ரூபாய்.

ஈரோட்டில் மலையில்லை. எங்கள் அடுக்ககத்தில் நிலத்தடியிலிருந்து தெருவுக்கு ஏறும் சிமெண்டுச் சரிவு மட்டும் உண்டு. அதிகம் போனால் நாற்பது அடி. செவ்வாய்க்கிழமை காலை கமலா வண்டியைக் கிளப்பியபோது, நான் கதவைத் திறந்து இறங்கி, படிக்கட்டு வழியாக ஏறிப்போய்த் தெருவில் நின்றேன். வண்டி அலுங்காமல் ஏறிவந்து என் பக்கத்தில் நின்றது. பாதிக் கண்ணாடிக்கு மேலாக அவள் எட்டிப் பார்த்தாள்.

“ஏறுங்க. உக்காந்தே வரலாம்.”