வடிகட்டிக்கு வெளியே சென்னியப்பன்

சென்னியப்பன் போய்விட்டார் என்ற செய்தி எனக்குக் கைப்பேசியில் வந்தது. முப்பது வருடம் வானொலியில் பேசிக்கொண்ட இருவரில் ஒருவரின் சாவை மற்றவருக்குக் கைப்பேசிதான் சொல்ல வேண்டியிருந்தது. தோட்ட வேலைக்கு வந்த ஆள் ஒன்பது மணிக்குப் பார்த்தபோது ரேடியோ மேசை மேல் கவிழ்ந்து கிடந்தாராம். நெஞ்சுவலி. அவர் மகள் கோகிலா பெங்களூரிலிருந்து கிளம்பும்போதே அழைத்துச் சொன்னாள். காலை ஆறு மணிக்கு மனிதர் வரவில்லையே என்று அவரை நான் மனத்துக்குள் திட்டி முடித்து மூன்று மணி நேரம்தான் ஆகியிருந்தது.

அவரைக் காற்றில் கேட்டிருக்கும் அமெச்சூர் வானொலி நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன். இரங்கல் கூட்டத்தில் நீங்கள் எல்லாரும் என்னை அவருடைய உயிர் நண்பன் என்றீர்கள். படித்து முடித்த பின்னும் அப்படிச் சொல்வீர்களா என்று தெரியவில்லை.

ஓமலூர் பக்கம் தோட்டத்து வீட்டில் பம்புசெட் மோட்டார்களுக்குக் காயில் கட்டிப் பிழைத்தவர் அவர். மனைவி இறந்த பின் தனி ஆள். அவரே கட்டிய செட்டில் குரல் போகாது, புள்ளியும் கோடுமாகத் தட்டிப் பேசும் மோர்ஸ் மட்டும்தான். மழை பெய்தால் அதன் அலைவரிசை ஒரு பக்கம் நகரும், வெயில் ஏறினால் இன்னொரு பக்கம். நாம் கிண்டல் செய்தால் கோபமே வராது. “என்ர செட்டு மேயற ஆடுங்க வாத்தியாரே. நீங்கதான் வேலியக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கோணும்” என்பார்.

விடைபெறும்போது இரண்டு புள்ளி அடிப்பது நம் வழக்கம். எதிராளியும் இரண்டு புள்ளி அடித்தால் முடிந்தது. ஒருநாள் இங்கே மின்சாரம் போய் நான் பதில் புள்ளி அடிக்கவில்லை. அரைமணி நேரம் மோர்ஸ் தட்டும் சாவியில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தாராம். மறுநாள் கேட்டதற்கு, “பதில் வராம எப்படிங்க எந்திரிச்சுப் போறது?” என்றார். அவருக்கு அது அவ்வளவு சாதாரண விஷயம்.

என் பாடு வேறு. குமாரபாளையத்தில் என் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் தறிப்பட்டறை. அந்த மோட்டார்களும் பக்கத்து மாடிகளின் சோலார் இன்வெர்ட்டர்களும் சேர்ந்து என் ரேடியோவை இரைச்சலால் நிரப்பிவிட்டன. பாலிடெக்னிக் வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், கணினியில் ஒரு டிஜிட்டல் வடிகட்டி எழுத உட்கார்ந்தேன். ஏரியல் பிடிப்பதையெல்லாம் எண்களாக்கி, எனக்கு வேண்டிய ஒரு சிறு இடைவெளியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கணக்குப் போட்டுக் கழித்துவிடும் வேலை அது. மோர்ஸ் ஒற்றைச் சுருதிதானே? இறுக்கி இறுக்கி ஐம்பது சைக்கிள், அதாவது ஐம்பது ஹெர்ட்ஸ், அகலத்துக்குக் கொண்டுவந்தேன். தறி அடங்கிப் போயிற்று. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதைப் பார்க்கச் சென்னியப்பன் ஒரு பை நிலக்கடலையோடு பஸ் ஏறி வந்தார். ஹெட்போனை மாட்டி வெகுநேரம் கேட்டார். “சுத்தமாத்தானுங்க இருக்குது. ஆனா இது ஆளு, இது சத்தம்னு அதுக்கு ஆருங்க சொல்லிக் குடுத்தது?” என்றார். நான்தான் என்றேன், பெருமையாக.

அன்று ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். தினமும் ஆறு மணிக்கு நான் முதலில் வடிகட்டியை அகலத் திறந்து, அவர் அன்று எங்கே மேய்கிறார் என்று தேடிப் பிடித்த பிறகுதான் இறுக்க வேண்டும். பதிலுக்கு அவர் கைப்பேசி சார்ஜரை ரேடியோ அறையிலிருந்து எடுத்துவிட வேண்டும். அதுவும் இரைச்சல் கிளப்புகிறது என்று அடம்பிடித்தவன் நான். அன்றிலிருந்து அவர் கைப்பேசி சமையலறையில்தான் கிடந்தது. சொன்ன சொல்லை அவர் காப்பாற்றினார்.

நான் காப்பாற்றவில்லை. அகலத் திறந்தால் தறி இரைச்சல் காதைப் பிளக்கும். இந்தக் கோடையில் பல வாரம் அவர் ஒரே இடத்தில் நின்றதும் எனக்குச் சோம்பல் வந்துவிட்டது. நேற்றைய இடத்திலேயே இறுக்கமாகத் தொடங்கும்படி நிரலை மாற்றினேன். அவரிடம் சொல்லவில்லை. கடைசி நாள் விடிகாலையில் மழை பெய்திருந்தது. நனைந்த வாசலைப் பார்த்துக்கொண்டுதான் ஹெட்போனை மாட்டினேன். பத்து நிமிடம் ஒரு முணுமுணுப்புகூட இல்லை. அந்த அமைதியை நானே மெச்சிக்கொண்டேன் என்று இப்போது எழுதக் கூசுகிறது. பிறகு காப்பி குடிக்கப் போனேன்.

சுடுகாட்டிலிருந்து திரும்பியதும் கோகிலா என்னிடம் கேட்டாள். “அப்பா சிரமப்படாமத்தானுங்க மாமா போயிருப்பாரு?” ஆமாம் சாமி, ஒரு நொடியில் முடிந்திருக்கும் என்றேன். அப்போது அதை நம்பித்தான் சொன்னேன்.

வடிகட்டுவதற்கு முந்தைய எண்களை என் கணினி ஒவ்வொரு காலையும் ஒரு மணி நேரம் தானாகச் சேமித்துவைக்கும். காரியம் முடிந்த மறுநாள், அவர் கை அடிப்பதைக் கேட்கும் ஆசையில் கடைசிப் பதிவுகளை வடிகட்டி இல்லாமல் ஓடவிட்டேன். அந்தக் காலையும் ஓடியது. தறி இரைச்சலுக்கு அடியில், நான் காத்திருந்த இடத்திலிருந்து இருநூறு சைக்கிள் தள்ளி, அவர் இருந்தார்.

காற்றில் என் பெயரான அழைப்புக்குறியை அடிக்கிறார். நிறுத்திக் கேட்கிறார். மறுபடியும் அடிக்கிறார். ஆங்கில எழுத்துகளில் தமிழை அடிப்பது எங்கள் பழக்கம். “நெஞ்சு வலி. போன் எடுக்க முடியல. புள்ளைக்குச் சொல்லுங்க.” போகப் போகக் கை தடுமாறிப் புள்ளிகள் கோடுகளாகின்றன. பதினான்கு நிமிடம். அதில் பத்து நிமிடம் நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். ஓமலூரில் எத்தனையோ பேரை எனக்குத் தெரியும், யாருக்கும் ஒரு போன் போட்டிருக்கலாம். பிழைத்திருப்பாரா என்று தெரியாது. தனியாகப் போயிருக்க மாட்டார்.

கடைசியில் இரண்டு புள்ளி அடித்தார். அதற்குப் பின் பதிவில் தறிச் சத்தம் மட்டும்தான்.

போன வாரம் கோகிலாவைக் கைப்பேசியில் அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை. “புள்ளைக்குச் சொல்லுங்கன்னாருங்களா மாமா?” என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். பிறகு அழைக்கவில்லை.

வடிகட்டியை அழித்துவிட்டேன். இப்போது ஆறு மணிக்கு முழு இரைச்சலோடு உட்கார்கிறேன். அவருடையது என்று இப்போது என் காதில் நிற்பது அந்தப் பதினான்கு நிமிடமும் அந்த இரண்டு புள்ளிகளும். பதில் அடிக்கச் சாவியில் விரல் வைக்கிறேன். முடியவில்லை. அடித்தால் அவர் எழுந்து போய்விடுவார்.