சுவரில் நான்கு பென்சில் கோடுகள்

“பேஸ்மென்ட், மேற்குச் சுவர், வெடிப்பு. நாலு நாளில் நாலு கோடு.” 2022 ஏப்ரல் 30, சனிக்கிழமை, கியூபெக்கின் புரோசார்டில் வாங்குவதற்காக ஒரு வீட்டைப் பார்த்துவிட்டு வந்து என் குறிப்பேட்டில் எழுதிய வரி இது.

உணவகம் தொடங்கி நொடித்துப்போன ஒரு தமிழரின் வீடு. விற்றாலும் வங்கிக் கடன் முழுதும் அடையாது என்று தெரிந்தே, குறைந்த விலைக்கு விற்க வங்கி சம்மதித்திருந்தது. மிச்சம் அவர் தலையில்தான். அதுவும் எனக்குத் தெரியும்.

கூடத்தில் அவருடைய சின்ன மகளின் பிறந்தநாள் பலூன்கள் காற்றிறங்கித் தொங்கின. அவரே என்னையும் என் மனைவியையும் கீழே பேஸ்மென்டுக்குக் கூட்டிப்போனார். வெடிப்பு முடிந்த இடங்களில் பென்சில் கோடுகள். பக்கத்தில் திகதிகள்: 19-04-22, 20-04-22, 21-04-22, 22-04-22. முதல் கோட்டிலிருந்து கடைசிக் கோடுவரை ஒரு விரல் நீளம்.

“ஒண்டும் ஒளிக்கேல்லை அண்ணை. எல்லாம் எழுதி வைச்சிருக்கிறன், வடிவாப் பாருங்கோ.”

“திகதியைக் கண்டிட்டார். இனி இந்த மனுசனுக்குச் சாப்பாடும் தேவையில்லை” என்று, எதையும் திகதியோடு குறித்துவைக்கும் என் பழக்கத்தைக் கேலிசெய்து மனைவி சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. போன வாரம், நாலே நாளில் ஒரு விரல் நீளம் ஓடிய வெடிப்பு! அவரிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். வீட்டுப் பரிசோதகரைக் கூப்பிட்டிருக்கலாம். இரண்டையும் செய்யவில்லை. சுவரின் படத்தை இணைத்து, அத்திவாரம் திருத்தும் செலவு முழுவதையும் கழித்து விலை எழுதிக் கொடுத்தேன். வங்கி ஒப்புக்கொண்டது.

குடிவந்த பிறகு, அக்டோபரில், வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸின் காற்று வடிகட்டியை மாற்றப் போனேன். பழைய வடிகட்டியின் விளிம்பில் அதே கையெழுத்து: 21-10-30. 2030 இன்னும் வரவேயில்லையே என்று ஒரு கணம் நின்றேன். பிறகுதான் விளங்கியது. அது 2021 அக்டோபர் 30; அவர் ஆண்டை முதலில் எழுதுபவர். கியூபெக் அரசிலிருந்து எனக்கு வரும் கடிதங்களிலும் அப்படித்தான் இருக்கும்.

நாலு நாள் அல்ல, நாலு வருடம். ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 22. அப்போதுதான் அந்தப் பலூன்கள் நினைவுக்கு வந்தன. மகளின் பிறந்தநாளைக் குறியாக வைத்துச் சுவரைப் பார்த்து வந்திருக்கிறார் போலும். வெடிப்பு இன்றுவரை கடைசிக் கோட்டைத் தாண்டவில்லை.

அவருடைய தொலைபேசி எண் பாவனையில் இல்லை. குடும்பத்தோடு ரொறன்ரோ போய்விட்டார் என்றும், மிச்சக் கடனை வங்கி விட்டுவிட்டது என்றும் ஒருவர் சொன்னார். அது உண்மையாக இருக்க வேண்டும் என்று எவ்வளவோ ஆசைதான். ஆனாலும் குறிப்பேட்டில் அதன் பக்கத்தில் ‘உறுதியில்லை’ என்றே இன்றும் எழுதி வைத்திருக்கிறேன்.