நூலகத்தில் எதிரே உட்கார்ந்தவர்

பல் டாக்டரிடம் உதவியாளராக இருந்துகொண்டே அவள் ஆப்பிரிக்க வரலாறும் அரசியலும் முதுகலை படித்தாள். கிளினிக்கில் அவளுக்கு ‘ஆப்பிரிக்காக்கா’ என்றே பெயர். அந்தப் பைத்தியம் பிடித்ததே பல் கட்ட வந்த ஒரு தையல்காரரால்தான். ராணுவ ஆட்சிக்குத் தப்பி அந்தக் கண்டத்திலிருந்து ஓடிவந்தவர். முன்பற்கள் துப்பாக்கிக் கட்டையால் போயிருந்தன.

ஆய்வேட்டுக்காக அவர் கதையைக் கேட்டு, பெயரும் தொழிலும் ஊரும் போடாமல் எழுதினாள். ஒரு பகுதியைக் கருத்தரங்கில் வாசித்தாள்.

சில நாள் கழித்து நூலகத்தில் ஒருவர் எதிரே வந்து உட்கார்ந்தார்.

“நல்லா எழுதியிருக்கீங்கம்மா. அந்த டெய்லர் சௌக்கியமா?”

அவள் நோட்டை மூடினாள். “யாரைக் கேக்கறீங்கன்னு தெரியல.”

“பரவாயில்ல. உங்க வீட்டுக்காரருக்கு இந்த வாரம் நைட் ஷிப்ட்தானே?”

புன்னகை மாறாமல் எழுந்து போனார். புத்தகங்களை அப்படியே போட்டுவிட்டு அவள் தையல்கடைக்கு ஓடி நடந்ததைச் சொன்னாள். அவர் மிஷினை நிறுத்தவில்லை.

“அந்த ராணுவத்தோட ஆளுதான். எங்கிட்டயும் வந்தான், தங்கச்சி. போன மாசமே.”

“ஏண்ணா சொல்லல?”

“சொன்னா எழுதறத நிறுத்திடுவ. எங்கம்மா இன்னும் அங்கதான் இருக்கா. அதுதான் அவனுக்குப் பிடி.”

“ஏட்டுலேருந்து உங்க கதைய எடுத்துடட்டுமா?”

“எனக்கும் பயந்தான். ஆனா எடுக்காத.”

பேராசிரியை ஒரு வழி சொன்னார். ஏட்டைச் சமர்ப்பிக்கலாம், பல்கலைக்கழகம் யாருக்கும் காட்டாமல் பூட்டி வைக்கும். அப்படியே செய்தாள். பட்டம் கிடைத்தது. அதற்குள் தையல்காரர் சொல்லாமல் கொள்ளாமல் ஊரைக் காலி செய்திருந்தார். வெகுநாள் அவளுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. காலிங் பெல் அடித்தால் மகளைப் பின்னால் இழுத்துக்கொள்வாள்.

சில வருடங்கள் கழித்து தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

“அம்மா போயிட்டா, தங்கச்சி. இனி என்னை எதை வெச்சு மிரட்டுவான்? பூட்டி வெச்ச ஏட்டத் திறந்துடு.”

அவளை மிரட்ட வீட்டில் இரண்டு பேர் இருந்தார்கள். அதை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. கணவன் வந்ததும் சொன்னாள். அவன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தான்.

“உனக்கு என்ன தோணுது?”

“பயமா இருக்கு. ஆனா அவர் சொன்னது வெளிய வரணும்.”

“அப்ப நாளைக்கு நானும் வரேன்.”

இருவரும் பல்கலைக்கழகத்துக்குப் போனார்கள்; ஏட்டைத் திறக்கச் சம்மதம் என்று அவள் கையெழுத்துப் போட்டாள். இப்போது அதை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். வீட்டுக் கதவுக்கு இன்னொரு தாழ்ப்பாள் வைத்திருக்கிறார்கள்.