ஒப்புக்கொடுத்த பிள்ளை

ஒன்பது வயதில் எனக்குக் கடவுளிடம் பெரும் பயம் இருந்தது. அவர் தரக்கூடிய தண்டனைக்குக்கூட அவ்வளவு பயமில்லை. என்னைக் கூப்பிட்டுவிடுவாரோ என்றுதான் நடுங்கினேன்.

காரணம் அம்மா. கைக்குழந்தையாக இருந்தபோது எனக்கு மஞ்சள்காமாலை வந்து, பிழைப்பது கஷ்டம் என்று சொல்லிவிட்டார்களாம். பிழைத்தால் கர்த்தருடைய ஊழியத்துக்கு விட்டுவிடுகிறேன் என்று அம்மா பொருத்தனை செய்தாள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைப்புக்காகத் திருவனந்தபுரம் வந்த குடும்பம் எங்களுடையது. அப்பாவுக்குத் தம்பானூரில் ஒரு ஹோட்டலில் புரோட்டா போடும் வேலை. வாடகை வீடு கரமனையில். வீட்டுக்கு யார் வந்தாலும் அம்மா என் தலையில் கைவைத்து, "இது கர்த்தருக்குன்னு ஒப்புக்கொடுத்த பிள்ள" என்பாள். கொடுத்ததை வாங்கிப்போக ஒருநாள் ஆள் வரும் என்று நான் புரிந்துகொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் தமிழ்ச் சபைக்கு, வடக்கே காட்டு ஊர்களில் ஊழியம் செய்யும் ஒருவர் வந்தார். இருண்ட மரங்களும் மண்குடிசைகளுமாகப் படங்கள் காட்டினார். "ஒங்க ஒவ்வொருத்தர வச்சும் ஆண்டவருக்கு ஒரு நோக்கம் இருக்கு. பேர் சொல்லிக் கூப்பிடுவாரு. ஓடி ஒளிய முடியாது" என்றார். அப்போது அவர் என்னைத்தான் பார்த்தார்.

அன்றுமுதல் யார் என் பெயரைச் சொன்னாலும் முதல் தடவை வாய் திறக்கமாட்டேன். கூப்பிடுவது மனிதர்தான் என்று நிச்சயமான பிறகே பதில். பள்ளியில் பெயர் வாசிக்கும்போதும் அப்படித்தான். ஒரு மாதம் பொறுத்துப் பார்த்த டீச்சர், பிள்ளைக்குக் காது கேட்கவில்லை போலிருக்கிறது என்று எழுதி அனுப்பினார். அம்மா அழுதுகொண்டே என்னை அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள்.

அம்மா சீட்டு வாங்க வரிசையில் நின்றாள். நான் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தேன். எதிரே கதவு திறந்த அறையில், சேலையில் சிமென்ட் காய்ந்திருந்த ஒரு பெண் மூன்று வயதுப் பையனை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கதறினாள். அவன் காலில் பெரிய கட்டு. ஊசியோடு நெருங்கிய நர்ஸின் கையை அவள் தட்டித் தட்டிவிட்டாள்.

"அந்த ஊசி வேண்டாம்மா! போன தடவ போட்டதும் புள்ளைக்கு மொகமெல்லாம் வீங்கி மூச்சே நின்னு போச்சு!"

அழுகையில் பாதிச் சொற்கள் கரைந்துபோயின. மீதித் தமிழும் மலையாளி நர்ஸுக்குப் புரியவில்லை. ஊசிக்குப் பயப்படுகிறாள் என்று நர்ஸ் நினைத்திருக்க வேண்டும். இருந்தாலும் நின்று, வராந்தாவைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டார்: "தமிழ் அறியாவுன்னவர் ஆரெங்கிலும் உண்டோ?" தமிழ் தெரிந்தவர் யாராவது இருக்கிறீர்களா என்று.

யாரும் எழுந்திருக்கவில்லை. வாயைத் திறந்தால் எனக்குக் காது கேட்கும் என்று தெரிந்துவிடும். எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள். அம்மா நின்ற வரிசை பக்கம் திரும்பினேன். அவள் தலைகூடத் தெரியவில்லை. நர்ஸ் மறுபடி பையனின் கையைப் பிடித்தார்.

எப்படி எழுந்தேன் என்று தெரியாது. அறைக்குள் நின்றிருந்தேன். "ஊசி வேண்டா சிஸ்டரே. மும்பு எடுத்தப்போள் மோனு சுவாசம் முட்டிப்போயி" என்று, போன தடவை பையனுக்கு மூச்சு முட்டியதை மலையாளத்தில் சொன்னேன்.

நர்ஸின் கை அப்படியே நின்றது. டாக்டர் ஓடிவந்தார். அவர் மலையாளத்தில் கேட்டதையெல்லாம் நான் தமிழில் கேட்டேன். அவள் சொன்னதை மலையாளத்தில் சொன்னேன். இடுப்பில் செருகியிருந்த பழைய மருந்துச் சீட்டை அவள் எடுத்து நீட்டினாள். டாக்டர் அதைப் படித்துவிட்டு, ஊசியை ஒதுக்கி வைக்கச் சொல்லி வேறு மருந்து எழுதினார். அந்தப் பெண் என் கையை எடுத்துத் தன் ஈரமான கன்னத்தில் வைத்துக்கொண்டாள். நான் பிடுங்கிக்கொண்டு பெஞ்சுக்கு ஓடினேன்.

என் காதில் கோளாறில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். பஸ்ஸில் அம்மா, "அங்க என்னளா சத்தம்?" என்று கேட்டாள். "தெரியல" என்றேன். சொன்னால் பாஸ்டரிடம் போய்ச் சொல்வாள். உடனே காட்டு ஊருக்குப் பெட்டி கட்டச் சொல்வார்கள்.

இன்று ஆஸ்பத்திரிகளில் மொழி தெரியாமல் தவிப்பவர்களுக்காகப் பேசுவதுதான் என் வேலை. தமிழ் போக இந்தியும் வங்காளமும் கற்றுக்கொண்டேன். ஆனால் அன்று சாயங்கால ஜெபத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டு, இன்றைக்கும் என்னைக் கூப்பிடாமல் விட்டதற்காக ஆண்டவருக்கு முழு மனதோடு நன்றி சொன்னேன்.